ஜாக்கி அடித்த கையோடு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. ஜாக்கி அடித்த கை. இப்போது பேனா பிடிக்க முடிகிறது.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், இனி எந்த மலைப்பாதையும் பயமில்லை என்றும் எழுதியிருந்தாய். வாங்கு. ஆனால் இதைப் படித்துவிட்டு வாங்கு.

போன மாதம் மச்சானும் நானும் ஒரு பழைய மண்பாதையில் ஏறினோம். மழைநீர் இரண்டு பக்கமும் அறுத்து, நடுவில் மேடு மட்டும் முதுகெலும்பு மாதிரி நிற்கும் பாதை. மேலே ஏற ஏற மோசமானது. ஒரு வளைவில் மச்சான், "திரும்பிடலாமா?" என்றான். நான்தான் "இன்னும் ஒரு வளைவு பார்ப்போம்" என்றேன். அந்த ஒரு வளைவில் வலது பக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் வழுக்கி, வண்டியின் அடிவயிறு ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் ஒரு சக்கரமும், அதற்கு எதிர்மூலையில் பின்பக்கம் ஒரு சக்கரமும் காற்றில். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தொங்குகிற இரண்டும் விர்ரென்று சுற்றுகின்றன, தரையில் இருக்கிற இரண்டும் அசையவே இல்லை. எஞ்சின் விசையை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலின், அதிலும் சாதாரண டிஃபரன்ஷியலின், குணமே அதுதான். எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கமே சுற்றவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டுகிற லாக் அதற்கு இல்லாவிட்டால், நாலு சக்கரமும் இழுக்கும் என்ற பேச்சு இந்த மாதிரி இடத்தில் எடுபடாது. நீ பார்த்த வண்டியில் லாக் இருக்கிறதா என்று முதலில் கேள்.

இருபதடி தள்ளி ஏற்கெனவே ஒரு கார் கிடந்தது. பல வருஷமாகக் கிடக்கிறது போல. பானட் இடுக்கில் புல் முளைத்திருந்தது. பேட்டரி, ஹெட்லைட், நாலு சக்கரம் எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக் மேலே இழுத்தபடியே இருந்தது. பின்சக்கரம் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு தட்டைக்கல், முட்டுக்கொடுத்தது. சக்கரம் போய்விட்டது, கல் மட்டும் இருக்கிறது. காலையில் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தானே ஒருவன் கல் வைத்துவிட்டுப் போவான்?

அப்புறம் ஏன் வரவில்லை என்பது ஒன்றும் பெரிய மர்மமில்லை. சாதாரண மீட்பு லாரி அந்தப் பாதையில் ஏறாது. கம்பிக்கயிற்றைச் சுருட்டி இழுக்கிற வின்ச் கட்டிய வண்டி வர வேண்டும், அதற்கு ஆகும் செலவு பழைய காரின் விலையைத் தாண்டிவிடும். நாள் போகப் போக உதிரிபாகம் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, மீட்பதற்கான காரணமும் குறைந்துகொண்டே வரும். ஆயில் மட்டும் கசிந்து ஓடைக்குப் போகும்.

அலாஸ்காவில் 142 என்று எண் போட்ட ஒரு பழைய பேருந்து இப்படித்தான் கிடந்தது, தெரியுமா? 1961-ல் சாலை போட வந்தவர்கள் தங்குவதற்காக இழுத்து வந்து, பின் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். 1992-ல் ஓர் இளைஞர் அதற்குள்ளேயே இறந்துபோனார். அதன்பின் அதைப் பார்க்கவென்றே ஆட்கள் கிளம்பி, வழியிலுள்ள ஆற்றில் இருவர் மூழ்கியும் போனார்கள். கடைசியில் 2020 ஜூனில் ராணுவத்தின் சினூக் ஹெலிகாப்டர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. கைவிட்ட வண்டி என்றால் சும்மா கிடக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மச்சான் கயிற்றை எடுத்து, வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டான டோ பந்தில் மாட்டப் போனான். கத்தித் தடுத்தேன். அது ட்ரெய்லர் இழுக்க வைத்தது. சிக்கிய வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்துவரும், அப்படி அடிபட்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேர்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அதுவும் போக, எங்களை இழுக்க அங்கே எந்த வண்டி இருந்தது? கேட்டால் முறைக்கிறான்.

ஜாக்கி வைத்தால் ஈரமண்ணில் அது இறங்குகிறதே தவிர வண்டி ஏறவில்லை. அடியில் வைக்க அகலமாக ஏதாவது வேண்டும். பலகை கொண்டுபோகவில்லை. (நீ கொண்டுபோ.) அந்தக் காருக்கு அடியில் இருந்த தட்டைக்கல்லைப் பெயர்த்து எடுத்து வந்தேன். ஜாக்கி நின்றது. ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, அடியில் சிறுகற்களைத் திணித்து, டயர் காற்றழுத்தத்தை 32 பி.எஸ்.ஐ.-யிலிருந்து 18-க்கு இறக்கினோம். காற்றைக் குறைத்தால் டயர் தொய்ந்து, தரையைப் பிடிக்கும் தடம் நீளமாகும். முதல் கியரில், மிதிக்காமல், ஊர்கிற வேகத்தில் விட்டேன். அடியில் கர்ர்ரென்று ஒரு சத்தம். வெளியே வந்துவிட்டது. மொத்தம் ஐந்து மணி நேரம்.

இறக்கத்தில் அதே கியரில்தான் வந்தோம். பிரேக்கை நம்பி இறங்கினால் சூடேறிக் காலை வாரிவிடும். காற்று குறைந்த டயரில் வேகமாக வளைக்கவும் கூடாது, ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும்.

கல்லைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வரத்தான் நினைத்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. பாதை நடுவிலேயே கிடக்கிறது. நீ அந்தப் பக்கம் போனால் பார்த்து ஓட்டு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி