எந்தத் திசு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் தன்னெதிர்ப்பு நோய்களை (உடலின் எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்களை) பற்றி எழுதும்போதெல்லாம், எதிர்ப்பு சக்தி குறைவதால் வரும் நோய், அதைக் கூட்டிக்கொண்டால் தப்பலாம் என்ற பொருளில் ஒரு வரி வந்துவிடுகிறது. இது தலைகீழான தகவல். மூட்டு வீங்கி அவதிப்படுகிற ஒருவர் இதை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ‘சக்தி’ தரும் பொடிக்கு மாறினால், இழக்கப்போவது திரும்பி வராத குருத்தெலும்பை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதிர்ப்பு சக்தி இங்கே குறையவில்லை, குறி தவறுகிறது. எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான டி செல்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. சொந்த உடலின் புரதங்களை இறுகப் பற்றும் செல்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. சில தப்பி வெளியே வந்துவிடும். இது எல்லோருடைய உடம்பிலும் நடப்பதுதான். அப்படித் தப்பியவற்றை அடக்கி வைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் கிடைத்தது. மரபணுச் சாய்வு ஒரு பக்கம், கிருமித் தொற்று, புகைபிடித்தல் போன்ற புறக் காரணங்கள் மறுபக்கம் சேர்ந்து இந்தக் கட்டுப்பாடு தளரும்போது நோய் தொடங்குகிறது.

ஆனால் தன்னெதிர்ப்பு நோய் என்ற ஒரே பெயருக்குள் எண்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் அடங்கும். தாக்கப்படுவது எந்தத் திசு என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும், பரிசோதனை மாறும், எவ்வளவு அவசரம் என்பதும் மாறும். பள்ளிப் பாடத்தில் படித்த நான்கு திசுக்கள்தான்: உறுப்புகளை மூடியும் சுரப்பிகளாகவும் அமையும் எபிதீலியம், இணைப்புத் திசு, தசை, நரம்பு. வாசகர்களுக்கு உதவக்கூடிய கேள்வி, தாக்கப்படுவது இவற்றில் எது என்பதுதான்.

தோலிலேயே பாருங்கள். மேல்தோலின் செல்கள் டெஸ்மோகிளீன் என்ற புரதத்தால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அதன்மேல் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டானால் வருவது பெம்பிகஸ். செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலேயே பிரிவதால் கொப்புளத்தின் மேற்கூரை மெலிந்து, தொட்டாலே உடையும். பலருக்கு முதலில் வாய்க்குள்தான் புண் வரும். வாரக்கணக்கில் வாய்ப்புண் மருந்தே தடவிக்கொண்டிருப்பார்கள். இன்னும் கொஞ்சம் ஆழத்தில், மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் அடிச்சவ்வு தாக்கப்பட்டால் அது பெம்பிகாய்டு. அங்கே மேல்தோல் முழுவதுமே கூரையாக எழும்புவதால் கொப்புளம் விறைப்பாக நிற்கும், எளிதில் உடையாது. பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும், அரிப்பு கடுமையாக இருக்கும். மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்கு ஆழ வித்தியாசம்தான், ஆனால் மருந்தின் அளவும் நோயின் போக்கும் வேறு.

இதை உறுதிசெய்ய இரண்டு தோல் துணுக்குகள் வேண்டும். புதிதாக வந்த கொப்புளத்தின் விளிம்பிலிருந்து ஒன்றை எடுத்து ஃபார்மலினில் போட்டு வழக்கமான திசு ஆய்வுக்கு அனுப்புவார்கள். மற்றொன்றை, கொப்புளத்தை ஒட்டினாற்போல் இருக்கும் நல்ல தோலிலிருந்து எடுத்து நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸ் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது துணுக்கு ஃபார்மலினில் விழவே கூடாது. திசுவைக் கெடாமல் காக்கும் மிஷல் திரவத்தில் அனுப்பலாம், உடனே ஆய்வகம் போய்ச் சேரும் என்றால் உப்புநீர்க் கரைசலும் போதும். ஃபார்மலின் பட்டால் திசுவில் படிந்திருக்கும் எதிர்ப்பொருளை ஒளிரவைத்துப் பார்க்க முடியாது; ‘நெகடிவ்’ என்று அறிக்கை வந்து நோயாளி வேறு திசையில் அனுப்பப்படுவார். துணுக்கு எடுக்கும்போது எந்தக் குப்பியில் எது போகிறது என்று நோயாளியின் உறவினர் கேட்டால் தப்பேயில்லை.

சுரப்பிகளும் எபிதீலியம்தான். தைராய்டில் ஒரே உறுப்பு, இரண்டு எதிரெதிர் நோய்கள். ஹாஷிமோட்டோவில் சுரப்பி மெல்ல அழிந்து ஹார்மோன் குறைகிறது. கிரேவ்ஸில் எதிர்ப்பொருள், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் ஏற்பியின் மேல் அமர்ந்து, சுரப்பியை விடாமல் தூண்டி ஹார்மோனைக் கூட்டுகிறது. முடி வளர்வதற்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு, சில ஆய்வக முறைகளில் கிரேவ்ஸ் இருப்பதுபோலவே பொய்யான எண்கள் வரும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பு அதை நிறுத்த வேண்டும். இரைப்பைச் சுவரின் செல்கள் தாக்கப்பட்டால் பி12 உறிஞ்சப்படாது. அப்போது வெறும் ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும். உள்ளே தண்டுவடச் சேதம் தொடரும்.

சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும் சீலியாக் நோயில் மக்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திவிட்டு, பிறகு பரிசோதனைக்குப் போவது. கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் நின்றால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலின் உட்சுவரில் உள்ள விரல் போன்ற நீட்சிகளும் தேறத் தொடங்கிவிடும், முடிவு பொய்யாகும். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த எதிர்ப்பொருளை அளக்கும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும். கூடவே ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைவானவர்களுக்கு முதல் பரிசோதனையால் பயனில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிவது முதல் வகை நீரிழிவு. குழந்தைக்குத் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இழப்பு என்றால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். வாந்தியும் ஆழ்ந்த வேகமான மூச்சும் சேர்ந்துவிட்டால் நேராக அவசரப் பிரிவுதான்.

இணைப்புத் திசு பரந்தது: எலும்பு, குருத்தெலும்பு, ரத்தம், மூட்டின் உட்சவ்வு எல்லாம் இதில் அடக்கம். முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) முதலில் தாக்கப்படுவது அந்த உட்சவ்வு. அது தடித்துப் படர்ந்து குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் அரிக்கும். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள், நடுக் கணுக்கள், மணிக்கட்டு ஆகியவை இரு கையிலும் வீங்கும். நகத்தை ஒட்டிய கடைசிக் கணு பெரும்பாலும் தப்பிவிடும். காலையில் எழுந்ததும் உள்ள விறைப்பு அரை மணிக்கு மேல், பலருக்கு ஒரு மணிக்கு மேல் நீடிக்கும். தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் விறைப்பு சீக்கிரம் விட்டு, நடக்க நடக்க வலி கூடும். முடக்குவாதத்தில் அசைய அசையக் குறையும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை பாசிடிவ் என்ற ஒரே ஒரு தாளை வைத்து முடக்குவாதம் என்று முடிவுகட்டுவது தவறு. ஹெபடைடிஸ் சி தொற்றிலும், நலமாக உள்ள முதியவர்களிடமும் அது பாசிடிவாக வரும். ஆன்டி-சி.சி.பி. என்ற பரிசோதனை அதைவிட நம்பகமானது. இரண்டும் நெகடிவாக இருந்து நோய் இருப்பவர்களும் உண்டு, ஆகவே வீங்கிய மூட்டைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் கைக்குத்தான் முதலிடம். இதைவிடப் பெரிய குழப்பம், செல்லின் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனையில். நலமானவர்களிலேயே 1:40 என்ற நீர்ப்பு அளவில் நான்கில் ஒருவருக்குக் குறையாமல் பாசிடிவாகும்; 1:160-லும் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு வரும். அறிகுறி ஏதுமின்றி ‘முழு உடல் பரிசோதனை’ பொட்டலத்தில் இதைச் சேர்த்து, பாசிடிவ் என்றதும் லூபஸ் (பல உறுப்புகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்) என்று கலங்க வைப்பது நியாயமில்லை. மறுபுறம், லூபஸ் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் இது பாசிடிவாகத்தான் இருக்கும். அதனால் நெகடிவ் என்று வந்தால்தான் அது நிறையச் சொல்கிறது. நோய் உறுதியானபின் மாதாமாதம் ஏ.என்.ஏ. எடுப்பது வீண்செலவு. எடுக்க வேண்டியவை இரட்டை இழை டி.என்.ஏ. எதிர்ப்பொருள், சி3, சி4 என்ற எதிர்ப்பு மண்டலப் புரதங்கள், ரத்த அழுத்தம், எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சிறுநீரில் புரதம். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலிக்காது. சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றாலோ, காலில் வீக்கம் வந்தாலோ ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம் 0.5-ஐத் தாண்டினால் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்ப்பது குறித்து மருத்துவர் பேசுவார்; அதற்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம், மருந்தைத் தேர்வு செய்வதே அந்தத் திசுவைப் பார்த்துத்தான்.

தசைக்கு வருவோம். தசை அழற்சி நோயில் வலியைவிட பலவீனம்தான் முன்னால் நிற்கும்: தாழ்வான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாது, தலை வாரக் கை உயராது. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நொதிகள் இரண்டும் தசையிலும் இருப்பதால் ரத்தத்தில் கூடித் தெரியும். உடனே கல்லீரல் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் கல்லீரல் வைத்தியம் நடக்கும். பலவீனத்தோடு இந்த எண்கள் கூடினால் சி.பி.கே. என்ற தசை நொதிப் பரிசோதனை ஒன்றை எடுத்தாலே வழி தெரிந்துவிடும்.

மயஸ்தீனியாவில் தசையும் கெடவில்லை, நரம்பும் கெடவில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நரம்பின் கட்டளையை வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பிகள்தான் தாக்கப்படுகின்றன. காலையில் நன்றாக இருக்கும் இமை மாலையில் சரியும், பேசப் பேசக் குரல் தேயும், உணவை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓயும். சரிந்த இமையின் மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 2 நிமிடம் வைத்தால் இமை உயர்வது நல்ல துப்பு. இந்த நோயாளிகள் சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும்: ஜென்டாமைசின் வகை ஊசிகள், சிப்ரோஃபுளாக்சசின் வகை மாத்திரைகள், ரத்தநாளம் வழி ஏற்றும் மெக்னீசியம், பீட்டா பிளாக்கர்கள் ஆகியவை பலவீனத்தைச் சட்டென்று கூட்டி மூச்சையே நிறுத்தக்கூடும். சாதாரணக் காய்ச்சலுக்குப் போன இடத்தில் போட்ட ஊசியால் செயற்கை சுவாசக் கருவிக்குப் போக நேரலாம்.

நரம்பில் அவசரம் கில்லன்-பாரே. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து சில நாள், சில வாரம் கழித்து, பாதத்தில் தொடங்கும் பலவீனம் மேலே ஏறுகிறது. முழங்காலைத் தட்டினால் கால் துள்ளாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறது என்று நிம்மதியடையக் கூடாது, அது கடைசியில்தான் இறங்கும். பார்க்க வேண்டியது ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை வெளியேற்ற முடிகிறது என்பதை. உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.லி.க்குக் கீழே போனால் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்க வேண்டும். சிகிச்சை, இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள், அல்லது பிளாஸ்மா மாற்றம். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் இந்த நோயில் பயனில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வேறு பல தன்னெதிர்ப்பு நோய்களில் முதலில் கைகொடுக்கும் மருந்தே அதுதான்.

ஸ்டீராய்டு என்றதும் ஒன்று. மூன்று வாரத்துக்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால், தூங்கிப்போன அட்ரீனல் சுரப்பி உடனே விழிக்காது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மிகக் கூடாது. தொடக்கத்தில் ஒருமுறையும், 5 ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தை முடக்கும் ஊசி மருந்துக்கு முன் மறைந்திருக்கும் காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் உண்டா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது.

முடக்குவாதத்துக்கு முதன்மையான மருந்தான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. வழக்கமான அளவு வாரத்துக்கு 7.5 முதல் 25 மி.கி. வரை. தினமும் சாப்பிட்டுவிட்டால் வாய் முழுக்கப் புண் வெடித்து, எலும்பு மஜ்ஜை ஓய்ந்து, ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகலாம். 2.5 மி.கி. மாத்திரையும் 10 மி.கி. மாத்திரையும் மாறிப்போவது, கோ-ட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை உடன் சாப்பிடுவது ஆகியவையும் அதே ஆபத்தைக் கொண்டுவரும். ஃபோலிக் அமிலம் வாரத்துக்குக் குறைந்தது 5 மி.கி. சேர வேண்டும். முதல் 3 மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தவறி அதிகம் சாப்பிட்டுவிட்டால் ஃபோலினிக் அமிலம் என்ற முறிவு மருந்து இருக்கிறது, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த முறை தங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்த மருந்தின் பெயர் வந்தால், ‘வாரத்துக்கு ஒரே நாள்’ என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். மருந்துச் சீட்டில் எந்தக் கிழமை என்று எழுதி வாங்கவும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்