பெட்டைக்குட்டிகளும் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உரிய வயதும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த மார்கழி மழையில், எங்கள் படலையடியில் யாரோ வைத்துவிட்டுப் போன உரப்பையை விடியற்காலையில் அவிழ்த்தபோது, கண் திறவாத ஐந்து நாய்க்குட்டிகள் நனைந்து ஒட்டிக் கிடந்தன. ஐந்தும் பெட்டை. கடுவன்களுக்கு வீடு கிடைத்திருக்கும். இரண்டைத்தான் எம்மால் காப்பாற்ற முடிந்தது.

"ஒருமுறை குட்டி போட்டபின் கருத்தடை செய்வதே நாய்க்கு நல்லது" என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறேன். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. முதற்பருவத்துக்கு, அதாவது முதன்முறை இணைசேரத் தயாராகும் காலத்துக்கு, முன்னரே சத்திரசிகிச்சை செய்த பெட்டை நாய்க்குப் பிற்காலத்தில் முலைக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்றும், கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து அநேகமாக நீங்கிவிடுகிறது என்றும் மிருக வைத்தியர்கள் கூறுகின்றனர். எங்கள் ஊர் நாய்களுக்கு ஆறு மாத வயதளவில் செய்துவிடலாம். அல்சேஷன், லப்ரடோர் போன்ற பெரிய இனங்களுக்கு மட்டும், எலும்பு வளர்ச்சி முடியுமுன் செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடலாம் என்பதால், ஏறக்குறைய ஒரு வயதுவரை பொறுக்கச் சொல்கின்றனர். பருவத்தில் இருக்கும்போது செய்தால் இரத்தப்போக்கு அதிகமாகலாம் என்பதால், அது கழிந்து இரண்டு மூன்று மாதங்கள் செல்லவிடுவது நல்லது. செலவு குறைவென்று கருத்தடை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவோர், அவர்கள் அஞ்சவேண்டிய அந்தச் சீழ்நோயையே தாமாக வரவழைக்கின்றனர்.

பூனை விடயத்தில் இவ்வளவு பொறுமைக்கு இடமில்லை. நான்கு மாதத்திலேயே சில பூனைகள் பருவமடைந்துவிடும். பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும். இரண்டு மாதத்தில் ஈனும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அவற்றின் பருவம் ஓயும், ஆனால் யாழ்ப்பாணத்தில் பகல் அவ்வளவாகக் குறுகுவதில்லை. ஆகவே ஐந்து மாதம் நிறையுமுன் செய்துவிட வேண்டும். கடுவன் பூனையும் இதற்கு விலக்கல்ல. சண்டைக் காயமும் சுவரெல்லாம் மூத்திர நாற்றமும் குறையும்.

என்னிடம் வளர்ந்த இரண்டு குட்டிகளுக்கும் ஆறாம் மாதத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. மறுநாளே கஞ்சி குடித்தன. எந்த மாதம் கொண்டுவர வேண்டும் என்பதை வைத்தியர் முதலாவது தடுப்பூசி போட்ட அன்றே அட்டையின் ஓரத்தில் குறித்துத் தந்திருந்தார், இல்லாவிட்டால் நானும் மறந்திருப்பேன். விசர்நோய்த் தடுப்பூசி போட ஊர் ஊராக வருவோரும் பெட்டைக்குட்டிகளின் அட்டைகளில் அவ்வாறே குறித்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நீர்வேலி.