புகையாம எரியுதுடி அடுப்பு

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

அன்பு தோழிக்கு,

நல்லா இருக்கியா? உன் வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். கிள்ளான் வீட்டு பின்னாடி ஜிங்கு தகட்டுக் கூரை போட்டு விறகு அடுப்பு கட்டப் போறேன்னு நீ சொல்றப்ப உன் குரல்ல இருந்த சந்தோசம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. அதுக்கு அடுத்த வார்த்தையிலேயே மருமவ வேணாங்குறா, வீடு பூரா புகைன்னு சொல்றான்னு இறங்கிப் போயிட்டே. போன்ல பேசினா பாதி மறந்துடுவேன், அதான் உக்காந்து எழுதுறேன், பொறுமையா படி.

முதல்ல இங்கத்த சேதி. அவருக்கு முட்டிவலி கொஞ்சம் தேவல, காலையில கோயில் வரைக்கும் நடந்துட்டு வர்றாரு. பெரியவ ஈப்போவுக்கே மாத்தலாயி வந்துட்டா, வாரா வாரம் பேரப்புள்ளைங்க சத்தம்தான் வீட்டுல. நம்ம ரப்பர் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுங்க இருந்த இடத்துல ஒரு செங்கல் கூட மிச்சமில்லடி, செம்பனதான், எண்ணப் பனமரம்தான் நிக்குது, நாம குளிச்ச பொதுக்குழாய் மேடை மட்டும் பாசி புடிச்சு கெடக்கு. போன மாசம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு போனப்ப அது மேல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்.

சரி அடுப்புக்கு வர்றேன். உன் மருமவ சொல்றதுல ஒரு தப்பும் இல்ல, அத மொதல்ல நீ ஒத்துக்கணும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நானும் ஆசப்பட்டு இப்ப இருக்குற தாமான் குடியிருப்பு வீட்டு பின்கட்டுல செங்கல் வெச்சு களிமண் பூசி ஒரு அடுப்பு போட்டேன். கோழிக்குழம்பு வாசன வந்துச்சுதான், ஆனா புகை சுவரு மேல ஏறி நேரா பக்கத்து வீட்டு சன்னலுக்குள்ள போயிருக்கு, எனக்கு தெரியல. அந்த வீட்டு சின்னப் பொண்ணுக்கு இழுப்பு, எப்பவும் இன்ஹேலரோட இருக்குற புள்ள. நாலாவது வாரம் அவங்கம்மா எங்க வாசல் கேட்டுகிட்ட வந்து, "அக்கா, கோவிச்சுக்காதீங்க, நீங்க அடுப்பு பத்த வெக்கிற அன்னிக்கு ராத்திரி புள்ள தூங்க மாட்டேங்குது"ன்னு சொன்னாங்க. சண்டைக்கு வந்திருந்தா கூட தாங்கியிருப்பேன், அவ்ளோ மெதுவா சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் இல்ல.

அம்மா ஞாபகம் வந்துச்சுடி. காலையில தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு போறதுக்கு முன்னாடி நாலு மணிக்கு எந்திரிச்சு, ராத்திரி மழையில நனைஞ்ச பால்மரத்து, அதான் ரப்பர் மரத்து கொம்ப வெச்சுக்கிட்டு ஊதாங்குழல்ல ஊது ஊதுன்னு ஊதும், கண்ணு ரெண்டும் செவந்து தண்ணியா ஓடும். உங்கம்மாவும் அப்படித்தானே. எங்கம்மா, வாழ்க்கையில ஒரு சுருட்டு தொடாத மனுசி, கடைசி ஆறு வருசம் படியேற மூச்சு இல்லாம இருந்துச்சு, டாக்டரு நெஞ்சு படத்த பாத்துட்டு வீட்டுல யாரு சிகரெட் புடிக்கிறாங்கன்னு கேட்டாரு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல 2020ல மட்டும் வீட்டு அடுப்புப் புகையால 32 லட்சம் பேரு செத்திருக்காங்க. அத படிச்சப்ப எனக்கு அம்மா மூஞ்சிதான் தெரிஞ்சுது.

அப்புறம் நான் அடுப்ப இடிச்சுட்டேன். ஆனா விடவும் மனசில்ல, ஏன் புகையுது எப்படி புகையாம எரிய வெக்கிறதுன்னு ஒரு வருசம் அதே வேலையா கெடந்தேன். எனக்கு வெளங்கினது இதுதான், நெருப்பு திங்காம விட்ட விறகுதான் புகை. ஒரு நாள் கரண்ட் போனப்ப மெழுகுவத்திய ஊதி அணைச்சு, திரியில இருந்து வெள்ளையா கிளம்புற புகையில தீக்குச்சிய காட்டினேன், தீ அந்த புகை வழியாவே கீழ எறங்கி திரிய புடிச்சுக்கிச்சு. நீயும் பேரனுக்கு செஞ்சு காட்டு, அந்த புகையே எரியுற சாமான்தான். விறகும் அதே கததான், சூடு பட்டா அதோட எடையில முக்காவாசி ஆவியா கிளம்பிடும், மிச்சம்தான் கரி. அந்த ஆவிக்கு போதுமான சூடும் காத்தும் கெடச்சா சுவாலையா எரியும், கெடைக்கலேன்னா புகையா நம்ம நெஞ்சுக்குள்ள போகும், சட்டி அடியில கரியா ஒட்டும், போகப்போக புகைக்குழாய்க்குள்ள தாரு மாதிரி படியும். நாம காசு கொடுத்து வாங்கின விறகுலதான் அவ்ளோவும் போகுது.

அதனால அடுப்ப பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி விறக பத்தி யோசி. வெட்டின ஒடனே இருக்குற பால்மரத்துல எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல தண்ணிதான். ஒரு லிட்டர் தண்ணிய கொதி நிலைக்கு கொண்டு வர்ற சூட்ட மாதிரி ஏழு மடங்கு சூடு வேணும் அத முழுசா ஆவியாக்க. ஈர விறகுல நீ மூட்டுற நெருப்பு உன் சட்டிய விட்டுட்டு மொதல்ல அந்த வேலையதான் பாக்கும். ஈரக் கட்ட எரியுறப்ப அதோட பின் முனைய உத்துப் பாரு, உஸ்ஸுன்னு சத்தம் போட்டுக்கிட்டு சின்ன சின்ன நுரையா தண்ணி கசியும், அம்மா அத "கட்ட அழுவுது"ன்னு சொல்லும். அழுவுற கட்டைய அடுப்புல வெக்காத, அவ்ளோதான்.

பால்மரம் நல்ல விறகுதான், ஆனா அதுல மாவும் சக்கரையும் ஜாஸ்தி, அதனால வெட்டிப் போட்ட சில நாள்லேயே நீலமா பூசணம் புடிக்கும், வண்டு தொளைக்க ஆரம்பிச்சுடும். முழுக் கட்டையா மண்ணுல போட்டு வெச்சா காயாது, மக்கும். கெடச்ச அன்னிக்கே பொளந்து போடு, மணிக்கட்டு தடிப்புக்கு மேல வேணாம். கீழ ரெண்டு செங்கல் இல்லாட்டி பழைய பலகை, மேல ஜிங்கு, பக்கமெல்லாம் தெறந்து காத்து ஓடணும். நம்ம ஊரு மழைக்கு தார்பாலின் போட்டு சுத்தி மூடுற ஆளுங்கள நெறய பாத்துட்டேன், உள்ள வேர்த்து வேர்த்து அப்படியே பூத்துப் போயிடும். குச்சியா பொளந்தா ரெண்டு மூணு மாசத்துல காஞ்சுடும், தடிச்ச கட்டைக்கு ஆறு மாசம் குடு. காஞ்சுதான்னு பாக்க ரெண்டு கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாரு, டங்குன்னு கணீர்னு கேட்டா காஞ்சுது, தொப்புன்னா இன்னும் இருக்கு. முனையில நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விட்டிருக்கும், பட்டையும் கையால புடுங்கினா வந்துடும். ஈரம் பாக்குற மீட்டர் கூட ஷாப்பீ ஆன்லைன் கடையில விக்கிறாங்க, பொளந்த உள்பக்கத்துல குத்திப் பாத்து 20 சதவீதத்துக்கு கீழ காட்டினா பத்த வெக்கலாம்.

ஆனா இப்ப பால்மர விறகு கெடைக்கிறது லேசு இல்ல. நாம சின்னப் புள்ளையா இருந்தப்ப மறுநடவுக்கு சாச்ச மரம் எரிக்கத்தான் போச்சு, அப்புறம் மேசை நாக்காலி செய்ற பாக்டரிங்க அந்தக் கட்டைய கேட்டு வர ஆரம்பிச்சிட்டாங்க, தோட்டமும் செம்பனையா மாறிடுச்சு. நான் ரம்புத்தான், டுரியான் கொம்பு வெட்டுற வீடுங்கள்ல கேட்டு வாங்கிக்கிறேன், மார்க்கெட்டுல தேங்காத் துருவுற கடையில சிரட்டை மூட்டையா கெடைக்குது. சிரட்டைய கொஞ்சமா போடு, சூடு பிச்சுக்கிட்டு வரும். ஒட்டுப்பலகை, பெயிண்டடிச்ச சட்டம், பூச்சி அரிக்காம இருக்க மருந்து ஏத்தின பச்சை நெற மரம், இதெல்லாம் ஓசியில கெடச்சாலும் வேணாம்டி. மருந்து ஏத்தின மரத்துல ஆர்செனிக் இருக்கலாம், அது சாம்பல்ல கூட தங்கும். பத்த வெக்க பிளாஸ்டிக்கோ, காஞ்ச ரப்பர் ஒட்டுப்பாலோ போடுற பழக்கத்தையும் விட்டுடு, தோட்டத்துல எல்லாரும் செஞ்சோம்தான், அந்த நாத்தமே விசம். காஞ்ச பன்னாடை, தென்னம்பாளை இருந்தா போதும்.

இப்ப அடுப்பு. இங்கதான் நான் ரொம்ப நாள் தப்பா நெனச்சிருந்தேன், சுவரு தடிமனா இருந்தா சூடு நிக்கும்னு. கல்லும் களிமண்ணும் சூட்ட வாங்கிக்கிட்டே இருக்கும், நீ ஒரு மணி நேரம் சமைக்கிறதுக்குள்ள பாதி நெருப்ப அதுவே தின்னுடும், தீ மூட்டின எடம் சூடு ஏறாம இருக்குறதாலதான் புகையே. அமெரிக்காவுல ஓரிகன்ல லேரி வினியார்ஸ்கின்னு ஒருத்தரு 1980கள்ல இத யோசிச்சு ராக்கெட் அடுப்புன்னு ஒண்ணு கொண்டு வந்தாரு, இன்னிக்கு உலகம் பூரா ஏழ ஜனங்க ஊருல அது எரியுது. நம்ம ட எழுத்து மாதிரிதான் அதோட உள் வழி. கீழ படுக்கையா ஒரு வாய், அதுல விறகு, அங்க இருந்து நட்டுக்குத்தா மேல ஒரு குழாய், அது உச்சியில சட்டி. வாய் அகலம் நாலு அஞ்சு இஞ்ச் போதும், நிக்கிற குழாய் அத மாதிரி ரெண்டர மூணு மடங்கு ஒசரம். அந்தக் குழாய சுத்தி சூடு வாங்காத லேசான சாமான் போடணும், காத்து அடைச்சு வெச்ச சாமான்.

நான் பழைய எண்ண டிரம்ம அறுத்து, உள்ள சூடு தாங்குற கல்லு வெச்சு ட மாதிரி கட்டி, நடுவுல இருந்த எடம் பூரா பாகான் செராய் நெல்லு மில்லுல இருந்து அவரு கொண்டாந்த உமிச் சாம்பல கொட்டி நெரப்பினேன். முதல் தடவ உள்குழாய்க்கு பிஸ்கோத்து டின்ன வெச்சேன், மூணே மாசத்துல சூட்டுல அரிச்சு ஓட்ட விழுந்து சாம்பலெல்லாம் தீக்குள்ள கொட்டிடுச்சு, அதனால நீ டின்னு போடாத. வாயிக்குள்ள பாதி ஒசரத்துல ஒரு கம்பித் தட்டு வை, விறகு தட்டு மேல, காத்து தட்டு அடியில. விறக உள்ள திணிக்காத, முனை மட்டும் எரியணும், எரிய எரிய தள்ளு. நாலஞ்சு குச்சி போதும். காத்து வழிய அடைச்சு விறக ரொப்பினா எந்த அடுப்பும் புகையும்.

சட்டிய சுத்தி ஒரு தகடு வளையம் வெச்சேன், சட்டிக்கும் தகடுக்கும் நடுவுல சுண்டு விரல் போற சந்து, சூடு அடியோட போகாம சட்டி பக்கத்த தடவிக்கிட்டு போகுது. இத செஞ்சப்பதான் பாட்டியோட கொடி அடுப்பு நெனப்பு வந்துச்சு. பெரிய அடுப்புல சோறு, அது பக்கத்துல வீணா போற சூட்டுல கொடியடுப்பு மேல ரசம், வெந்நி. நூறு வருசமா இருந்த புத்திய நாமதான் மண்ணெண்ண அடுப்பு வந்ததும் விட்டுட்டோம். பருப்ப முந்தின ராத்திரியே ஊற வை, சட்டிய மூடி வை, இதுக்கே விறகு நல்லா கொறையும்.

மொதல் நாள் பத்த வெச்சப்ப அஞ்சு நிமிசம் வெள்ளைப் புகை வந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. நான் பின்வாசல்ல நின்னு மேல பாக்குறேன், காத்து மட்டும் வெயில்ல நெளியுது, புகையே இல்ல. உள்ள குழாயில தீ "கும்ம்ம்"னு சத்தம் போடுது. எனக்கு கண்ணு கலங்கிடுச்சுடி, புகையால இல்ல, அம்மாவுக்கு இப்படி ஒண்ணு கட்டிக் குடுத்திருக்கலாமேன்னு.

இத்தன சொன்னாலும் கேஸ விட சுத்தம்னு நான் சொல்ல மாட்டேன், கண்ணுக்கு தெரியாத தூசி வரத்தான் செய்யும். உன் மருமவகிட்டயும் அப்படியே உண்மைய சொல்லு. 14 கிலோ கேஸ் தோங் கடை வெல 26 வெள்ளி 60 காசுதான், தெனப்படி காப்பிக்கும் சோத்துக்கும் கேஸ் போதும். ஞாயித்துக்கெழம, விருந்து, பொங்கல், இதுக்கு விறகு. ஜெரபு, அந்த புகைமூட்டம் வந்தா நான் பத்த வெக்கிறதே இல்ல, ஏற்கனவே காத்து கெட்டுக் கெடக்குறப்ப நாமளும் சேரக்கூடாது. கிள்ளான்ல உனக்கு அது இன்னும் மோசம்.

ரெண்டு விசயம் மறந்துடாத. மழ வருதுன்னு தணல் சட்டிய வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து கதவ சாத்தாத, புகையில்லாத கங்குல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது கலரும் கெடையாது, ஆள தூக்கத்துலேயே கொண்டு போயிடும். சாம்பல பிளாஸ்டிக் வாளியில அள்ளாத, மூடி போட்ட இரும்பு வாளி வேணும், மறுநாள் கூட உள்ள கங்கு உயிரோட இருக்கும். ஆறின சாம்பல முருங்கைக்கும் வாழைக்கும் தூவு, தேங்கா நாரோட சட்டி தேய்க்க எடுத்துக்கோ.

எடம் பாக்குறப்ப சாயங்காலம் ஊதுவத்தி ஒண்ணு கொளுத்தி பின்கட்டுல வெச்சு புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு ஒரு வாரம் பாரு, பக்கத்து வீட்டு சன்னல் அந்தப் பக்கம் இருந்தா அடுப்ப தள்ளி வை. அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஆரம்பி. நானும் இப்ப பத்த வெக்கிறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு வாட்ஸாப்புல கேட்டுக்கிறேன், புள்ளைக்கு சளி இருந்தா அன்னிக்கு கேஸ்தான். போன வாரம் அந்தப் பொண்ணே வந்து அடுப்பு பக்கத்துல குந்தி, குச்சி தள்ளுறேன் பாட்டின்னு கேட்டுச்சு, சூட்டுக்கு தள்ளி உக்கார வெச்சு மரவள்ளிக் கெழங்கு சுட்டுக் குடுத்தேன்.

தீபாவளிக்கு அதுல அதிரசம் சுடணும்னு சொன்னியே, அப்படின்னா டிரம் தேடுறத அப்புறம் பாத்துக்கலாம், இந்த வாரமே விறக பொளந்து அடுக்கிடு. பள்ளிக்கூட லீவுக்கு நானும் அவரும் வர்றோம், உமிச் சாம்பல் ரெண்டு மூட்டை காரு பின்னாடி போட்டு கொண்டாறேன்.

உன்,
ஆறாம் நம்பர் லயத்துக்காரி