அறுபது வயது வண்டிக்கு எந்த பங்க்கில் பெட்ரோல் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பெங்களூரு பதிப்பில் பழைய கார்களின் அணிவகுப்புப் படங்களைப் போட்டு, கீழே ‘பணக்காரர்களின் பொம்மைகள்’ என்று எழுதியிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. அந்த வரிதான் உறுத்தியது. நான் பொதுத்துறை ஆலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் லேத்தில் நின்று ஓய்வு பெற்றவன், காக்ஸ் டவுனில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன், என்னிடமும் அப்படி ஒரு பொம்மை இருக்கிறது. 1963-ல் செய்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1996-ல் குடகில் ஒரு காபித் தோட்டத்து ஷெட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில், பி.எஃப். கடன் போட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். என் மனைவி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் பேசினாள். ஆனால் நான் எழுத வந்தது அந்த வரியைப் பற்றி அல்ல, பெட்ரோலைப் பற்றி.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் செய்தது, இரண்டே பேர் உட்காரலாம், துணிக்கூரை, 1147 சிசி எஞ்சின், அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு. வடிவம் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கலோட்டி போட்டது. பார்க்கத்தான் சீமைத் துரை, உள்ளே பாதி நம் மெட்ராஸ். ஏனென்றால் ட்ரையம்ப் ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள், அதே ஹெரால்டை 1961 முதல் வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று நம் ஆட்களே செய்தார்கள். அதனால் முன் சக்கரப் பாகம் எது தேய்ந்தாலும் நான் லண்டனுக்குக் கடிதம் போட்டதில்லை, ராத்திரி ரயில் ஏறி சென்னை புதுப்பேட்டைக்குப் போய்விடுவேன். அங்கே ஹெரால்டு வண்டிகளையே பார்த்துக் கை கறுத்த ஒரு பெரியவர், நான் கிரீஸ் கன்னோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி, ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்காதே, தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் ஊத்து” என்றார். முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டு, ஒரு பித்தளைக் கட்டிக்குள் மரை போட்டு நிற்கிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழல்கிறது. கிரீஸ் அடித்தால் உள்ளே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், மரை காய்ந்து இறுகும், ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையால்தான் நான் இன்று உயிரோடு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

மற்ற வேலையெல்லாம் வீட்டு வாசலிலேயே நடக்கும். வால்வுகளின் டேப்பட் இடைவெளியைப் பத்து தௌ, அதாவது ஆயிரத்தில் பத்து அங்குலம் வைப்பது, பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயின்ட் செட்டைச் சுத்தம் செய்வது, கார்புரேட்டர் தலையில் மூடியைக் கழற்றி டேஷ்பாட்டில் கொஞ்சம் ஆயில் விடுவது, இவ்வளவுதான். இந்த வண்டியில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும், அந்தக் காலத்து லூக்காஸ் டைனமோ அப்படி. பார்க்கிற எலக்ட்ரீஷியன் எல்லாம் “சார், மாத்தி மாட்டியிருக்கீங்க” என்று சரிசெய்யக் கை நீட்டுவார்கள், நான் ஓடிப்போய் கையைப் பிடிப்பேன்.

சரி, பெட்ரோலுக்கு வருகிறேன். போன வருடம் ஏப்ரலில் ஓசூரில் ஒரு வளைகாப்பு. நானும் மனைவியும் இந்த வண்டியில்தான் கிளம்பினோம். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் பெட்ரோல் வாசனை. மனைவிதான் முதலில், “என்னங்க, பங்க் பக்கத்துல இருக்கற மாதிரி நாறுது” என்றாள். பழைய வண்டி என்றால் கொஞ்சம் வாசனை இருக்கத்தான் செய்யும், நான் கண்டுகொள்ளவில்லை. இன்னும் ஒரு கிலோமீட்டரில் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. ஓரங்கட்டினேன். ஸ்பிட்ஃபயரின் மூக்கு, மட்கார்டு எல்லாம் ஒரே துண்டு, மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், இப்படி ஒரு வசதி எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை. திறந்து பார்த்தால் கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் ஓஸ் நனைந்திருக்கிறது, முனையிலிருந்து சொட்டு சொட்டாக விழுகிறது. எங்கே விழுகிறது? இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோகும் மேனிபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. கீழே கொதிக்கிற இரும்பு, மேலே சொட்டுகிற பெட்ரோல். என் கை நடுங்கியதை மறைக்காமல் சொல்கிறேன். மனைவியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சின் ஆறும்வரை கால்மணி நேரம் அப்படியே நின்றேன்.

ஓஸைக் கழற்றினேன். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. விரலால் அமுக்கினால் ஊறவைத்த அப்பளம் மாதிரி நசுங்குகிறது. பேனாக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன், உள்சுவர் கரிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடிதான் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் போய் அடைத்து மிஸ்ஸிங். அந்த ஓஸ் மாட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஷெட்டிலிருந்து எடுத்த வருடம் நான் மாட்டிய ஓஸ் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தது. பொம்மசந்திராவில் ஒரு டூவீலர் கடையில் டியூப் வாங்கி வெட்டி மாட்டிக்கொண்டு ஓசூர் போய்ச் சேர்ந்தபோது வளையல் போட்டு முடித்து, கலந்த சாதமும் தீர்ந்து, தயிர்சாதம் மட்டும் இருந்தது.

ஓஸ் மட்டமான சரக்காக இருந்திருக்கலாம், நானே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்பின் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு உப்பி வளைந்துவிட்டது, அதன் கண்ணாடி மூடிக்கு அடியில் இருக்கும் கார்க் வாஷர் கூழாகிவிட்டது. ஒன்று போனால் சரக்குக் குறை, வரிசையாகப் போனால்? அவென்யூ ரோட்டில் பள்ளிக்கூட லேப் சாமான் விற்கிற கடையில் கோடு போட்ட கண்ணாடி அளவுக் குழாய் ஒன்று வாங்கினேன். நீங்களும் செய்து பார்க்கலாம், அடுப்படியில் மட்டும் வேண்டாம். ஐம்பது மில்லி பெட்ரோல் ஊற்றி, அதன் மேல் பத்து மில்லி தண்ணீர் ஊற்றி, வாயை மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வைத்துவிட வேண்டும். பெட்ரோல் மேலே நிற்கும், தண்ணீர் கீழே இறங்கும். ஆனால் கீழே இறங்கியது பத்து மில்லி இல்லை, கிட்டத்தட்ட இருபது. பெட்ரோலுக்குள் இருந்த எத்தனாலைத் தண்ணீர் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஐம்பதில் பத்து, அதாவது இருபது சதவீதம். இதுதான் இ20.

இந்தத் தண்ணீர் ஆசைதான் பழைய வண்டிக்கு எமன். மழைக்காலத்தில் நாலு வாரம் நிறுத்திவைத்தால் டாங்க் காற்றிலிருக்கும் ஈரத்தை எத்தனால் குடித்துக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் படிந்துவிடும், இரும்பு டாங்க்கும் துருப்பிடிக்கும். அதனால் இப்போது ஓடுகிற அளவுக்கு மட்டும் பெட்ரோல் போடுகிறேன், மிச்சத்தை வடித்து பக்கத்து வீட்டுப் பையனின் புது பைக்குக்குக் கொடுத்துவிடுகிறேன், அவன் என்னைக் கர்ணன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இழுவையும் குறைந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை லீனாகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது, பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டிய பிளக் வெளுத்துப் போயிருந்தது. எஸ்யூ கார்புரேட்டரில் ஜெட்டுக்கு அடியில் ஆறு பட்டை நட்டு ஒன்று இருக்கும், இரண்டிலும் ஒன்றரைப் பட்டை கீழே இறக்கினேன், பெட்ரோல் கூடி அந்தக் குறை நின்றது. ஆனால் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி குறைவு, இ20-யில் ஆறேழு சதவீதம் குறையும், அதை எந்த நட்டைத் திருகியும் மீட்க முடியாது. விலையில் அந்த ஆறேழு சதவீதத்தைக் குறைத்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. மண்டியா பக்கம் கரும்பு விவசாயிக்கு நாலு காசு வருகிறது, கச்சா எண்ணெய்க்குக் கொட்டுகிற டாலர் மிச்சமாகிறது, நல்லதுதான். 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் பிரதமர் இ20-ஐத் தொடங்கிவைத்தார், அப்போது 84 பங்க்குகளில். விருப்பப்பட்டவர் போடட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். இரண்டே வருடத்தில் நான் போகிற பங்க் எல்லாவற்றிலும் அதுதான், வேறு இல்லை. பங்க் பையனிடம் எத்தனை சதவீதம் தம்பி என்று கேட்டால், “பெட்ரோல் பெட்ரோல்தான் சார், எல்லாம் ஒண்ணுதான்” என்கிறான். அவன்மேல் கோபமில்லை, அவனுக்கும் யாரும் சொல்லவில்லை. 2023 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளில்தான் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இ20-க்குத் தாங்கும்படி செய்ய வேண்டும் என்று அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. அப்படியானால் அதற்கு முன் வந்தவை? எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவரின் பழைய டிவிஎஸ் 50, அவருக்கு அதுதான் கால். என் வண்டி நின்றால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், அவர் வண்டி நின்றால் அன்றைய கூலி போகும். அவரிடம் அளவுக் குழாயும் இல்லை, கார்புரேட்டரைப் பிரித்துப் பார்க்க நேரமும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐம்பது வருடம் தாண்டிய, உருமாறாத வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ‘விஏ’ என்ற எழுத்தோடு தனி நம்பர் பலகை, புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், அணிவகுப்புக்குப் போகலாம், பழுது பார்க்கப் போகலாம், அப்புறம் எரிபொருள் நிரப்பப் போகலாம். ஆம், பங்க்குக்குப் போக விதியிலேயே அனுமதி இருக்கிறது! போய் எதை நிரப்புவது என்றுதான் எழுதவில்லை.

இந்த வண்டி பிறந்த ஊரில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலை இ10 ஆக்கினார்கள், நம்மில் பாதி அளவு எத்தனால்தான். அப்போதுகூட பழைய வண்டிகளுக்காக உயர் ஆக்டேன் பெட்ரோலை இ5 ஆகவே பெரிய பங்க்குகளில் விட்டுவைத்தார்கள். எந்தக் குழாயில் எது என்று இ5, இ10 எனப் பம்பிலேயே வட்டமாக ஸ்டிக்கர். விலை கூடத்தான், வேண்டுகிறவன் கொடுத்துவிட்டுப் போகிறான்.

இங்கே எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்க்கில் அளவை எழுதிவைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. கோர்ட் கதவு மூடியதால்தான் உங்கள் கதவைத் தட்டுகிறேன். கேட்பது இரண்டுதான். ஒவ்வொரு பம்பிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு ஸ்டிக்கர், தமிழிலும் இருந்தால் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழர்கள் சந்தோஷப்படுவோம். நகரத்துக்குள் நாலு மூலைக்கு நாலு பங்க்கிலாவது இ5-க்கு மேல் போகாத பெட்ரோல், விலை இருபது ரூபாய் கூட என்றாலும் பரவாயில்லை. முதலாவதற்குச் செலவு ஸ்டிக்கர் காசுதான். அதைக்கூடச் செய்ய மாட்டோம் என்றால் ஏன் என்று எண்ணெய் நிறுவனங்களைக் கேட்டு எழுதுங்கள்.

அந்த அளவுக் குழாய் என்னிடம் இருக்கிறது. உங்கள் நிருபர் யாராவது தனக்குப் பிடித்த பங்க்கில் அரை லிட்டர் வாங்கிக்கொண்டு வந்தால் அவர் கண் முன்னாலேயே குலுக்கிக் காட்டுகிறேன். ஞாயிறு காலை என்றால் நல்லது. மணி அடிக்க வேண்டாம், வாசலில் வண்டிக்கு அடியில்தான் படுத்திருப்பேன்.

இப்படிக்கு,
காக்ஸ் டவுன் வாசகர், பெங்களூரு