பொது ஃபிரிட்ஜ் ஞாயிறு முதல்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் பேசிய பொது ஃபிரிட்ஜ், இந்த ஞாயிறு காலை முதல் பிள்ளையார் கோயில் எதிரே இருக்கும். அதற்கான கரண்டை அயர்ன் கடை அண்ணன் தருகிறார். பில்லை மாதாமாதம் நாம் பிரித்துக்கொள்வோம்.

சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் பல் மருத்துவர் ஈசா பாத்திமா ஜாஸ்மின் தொடங்கிய 'ஐயமிட்டு உண்' ஃபிரிட்ஜ்தான் நமக்கு முன்மாதிரி. யாரும் சாப்பாடு வைக்கலாம், யாரும் எடுக்கலாம். எடுப்பவரிடம் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம். அவர்களைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவதும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாப்பாடு வைப்பவர்கள் அன்று சமைத்ததை மட்டும், ஆறியதும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். என்ன சாப்பாடு, எப்போது சமைத்தது, சைவமா அசைவமா என்று எழுதி ஒட்டிவிடுங்கள். தேங்காய் அரைத்த குழம்பும் சட்னியும் சீக்கிரம் ஊசிப்போகும், தவிர்த்துவிடலாம். சாப்பிட்டு வைத்த மிச்சம் வேண்டவே வேண்டாம். கல்யாண மண்டபத்தில் மிஞ்சியது என்றால் முதலில் எனக்கு ஒரு போன் போடுங்கள். அண்டாவோடு வந்து நின்றால் ஃபிரிட்ஜ் என்ன செய்யும்!

என்னைக் கேட்டால், சமைத்த சாப்பாட்டைவிட முட்டை, பால் பாக்கெட், காய், பழம் வந்தால் இன்னும் நல்லது. அடுப்பு இருந்தும் மாதக் கடைசியில் காய் வாங்க முடியாத வீடுகள் நம் பின்தெருவிலேயே இருக்கின்றன.

அப்புறம், தினமும் இரவு 9 மணிக்குப் பழையதை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜ் தட்டுகளைத் துடைக்க ஆள் வேண்டும். செவ்வாய், வெள்ளி இன்னும் காலி. முடிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் கீழே பெயர் போடுங்கள்.