ஆண்டறிக்கை 2024–25: போர்க்காலச் சரக்கு எஞ்சின்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஓய்வு பெற்றும் ஷெட்டை மறக்காத பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது நீராவி எஞ்சின் ஆர்வலர் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டப்பட்ட கனரகச் சரக்கு எஞ்சின்களைப் பற்றியே நடந்தன. "ஊட்டி ரயிலை விட்டுவிட்டு ஜெர்மனிக்கு ஏன் போகிறீர்கள்?" என்று முதல் கூட்டத்தில் சண்டைக்கு வந்தவர்கள்தான் கடைசி வரை முன்வரிசையில் இருந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஜெர்மனியின் 52ஆம் வகுப்புச் சரக்கு எஞ்சினை ஒரே கூட்டத்தில் முடிப்பதாகத்தான் திட்டம். விவாதம் நீண்டு, அடுத்த கூட்டங்களையும் அதுவே எடுத்துக்கொண்டது.

1941 ஜூனில் சோவியத் நாட்டுக்குள் நுழைந்த ஜெர்மானியப் படையை முதலில் மறித்தது தண்டவாளம். அங்கே பாதை அகலம் 1,524 மி.மீ., இவர்களுடையது 1,435. ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்து உள்ளே நகர்த்தி, ஆணி அடித்துக்கொண்டே முன்னேறினார்கள். அப்புறம் குளிர் வந்தது. ஜெர்மன் எஞ்சின்களில் தண்ணீர்க் குழாய்களும் பம்பும் பாய்லருக்கு வெளியே காற்றுப்பட இருந்தன. அவை உறைந்து வெடித்து, எஞ்சின்கள் கூட்டம் கூட்டமாக முடங்கின. அந்த அடிக்குப் பிறகு வந்ததுதான் 52.

1939இல் வந்த 50ஆம் வகுப்பே இதற்கு மூலம். இரண்டுமே 2-10-0, அதாவது முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், நடுவே பத்து இயக்கு சக்கரங்கள், பின்னால் ஒன்றுமில்லை. பத்து இயக்கு சக்கரங்களிலும் பளு பரவுவதால் ஓர் அச்சின் மேல் 15 டன் சொச்சம்தான் விழும். மெலிந்த தண்டவாளத்திலும் துணிந்து ஓட்டலாம். அந்த அடிப்படையைத் தொடாமல், எதெல்லாம் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்று ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கும் கருவியை எடுத்தார்கள்; அதோடு பம்பும் போயிற்று, நீராவியின் வேகத்தாலேயே தண்ணீரைப் பாய்லருக்குள் தள்ளும் இன்ஜெக்டர்கள் இரண்டு போதும் என்றாயிற்று. வார்ப்படம் இருந்த இடங்களில் வெல்டிங் வந்தது. 50இல் இருந்த சுமார் 6,000 உறுப்புகளில் ஏறத்தாழ ஆயிரம் காணாமல் போயின. படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது, ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் எழுந்து கனெக்டிங் ராடைச் சுட்டிக்காட்டினார்: உலையிலிருந்து வந்த சொரசொரப்போடு அப்படியே மாட்டியிருக்கிறார்கள், கடைசல் வேலையே இல்லை. "நான் இப்படி மாட்டியிருந்தால் சார்ஜ் ஷீட்தான்" என்றார்.

எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் இன்னும் விசேஷம். டேங்க் வேகன் கட்டும் முறையில், கீழே தனிச் சட்டமே இல்லாமல், தொட்டியே தன்னைத் தாங்கிக்கொள்ளும். 30 கன மீட்டர் தண்ணீர், 10 டன் கரி. சிக்கனம் பிடித்தவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் கை வைக்கவில்லை: டிரைவரும் பயர்மேனும் நிற்கும் கேபினை நன்றாக மூடிக் கொடுத்தார்கள். இரக்கத்தால் என்று நான் நினைக்கவில்லை. விறைத்துப்போன பயர்மேனால் கரி அள்ள முடியாது, அவ்வளவுதான்.

முதல் 52 போர்சிக் ஆலையிலிருந்து 1942 செப்டம்பரில் வெளியே வந்தது. மொத்தம் ஆறாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். தண்ணீர் கிடைக்காத பகுதிகளுக்கென்று ஹென்ஷல் நிறுவனம் ஒரு தனி ரகம் செய்தது. அதில் வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே போகாது. டெண்டருக்குப் போய்க் குளிர்ந்து, மறுபடி தண்ணீராகும். நீராவி வெளியே பாயாவிட்டால் நெருப்புக்குக் காற்றை யார் இழுப்பது? அதற்காக அதே நீராவியால் சுழலும் விசிறி ஒன்றை முன்னால் வைத்தார்கள். எளிமைக்காகப் பிறந்த எஞ்சினில் இவ்வளவு சிக்கலா என்று ஒரு கட்சி, ஆயிரம் கிலோமீட்டர் தண்ணீர் பிடிக்காமல் போகலாமே என்று இன்னொரு கட்சி. விவாதம் தேநீருக்குப் பிறகும் ஓயவில்லை.

ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் அம்மையார் கேட்ட கேள்வியைத் தனியே குறிப்பிட வேண்டும். "இதையெல்லாம் கட்டியது யார்? ஏற்றிப்போனது யாரை?" அந்த ஆலைகளில் பிறநாடுகளிலிருந்து பிடித்துவந்த கட்டாயத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். இவற்றை ஓட்டிய ஜெர்மன் ரயில்வேதான் யூதர்களை வதைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்றது. படம் காட்டும்போது இதையும் சேர்த்தே சொல்வது என்று அன்றே தீர்மானமாயிற்று.

போர்க்காலத்திலும் போர் முடிந்த பிறகும் 52 போலந்து, துருக்கி, ருமேனியா, சோவியத் நாடு என்று சிதறியது. சோவியத் நாட்டில் சக்கரங்களை அகலப் பாதைக்கு மாற்றி ஓட்டினார்கள். போஸ்னியாவில் துஸ்லா பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த நூற்றாண்டிலும் வேலை செய்தது. போர் தாங்கினால் போதும் என்று கட்டியது!

அமெரிக்க எஸ்160 பற்றிய கூட்டத்துக்கு முன்னாள் பயர்மேன்கள் நிறைய வந்திருந்தார்கள். 1942 முதல் இரண்டாயிரத்துக்கு மேல் கட்டிய 2-8-0 இது. குறுகலான பிரிட்டிஷ் சுரங்கப் பாதைகளிலும் நுழையும் அளவில் வடிவமைத்ததால் ஐரோப்பா முழுக்க ஓடியது. பிரான்ஸுக்குப் படை இறங்கும் வரை, நானூறு எஞ்சின்கள் போல பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகளிடம் இரவலாக இருந்தன. அங்கேதான் வினை. பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் குழாய்தான் கேஜ் கிளாஸ். இந்த எஞ்சினில் அதன் மேல் வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. மேலே நீராவி வழி அடைபட்டால், குழாயில் இருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்க, தண்ணீர் தானாக ஏறி நிற்கும். பாய்லரில் தண்ணீர் குறைந்தாலும் கண்ணாடி நிறைந்தே காட்டும். 1943 நவம்பரில் தொடங்கி, பத்து மாதங்களுக்குள் மூன்று எஞ்சின்களில், நெருப்பு எரியும் பயர்பாக்ஸின் மேல்தகடு தண்ணீரில்லாமல் காய்ந்து சரிந்தது. நம் பெரியவர் ஒருவர் வீட்டிலிருந்து பழைய கேஜ் கிளாஸ் ஒன்றைக் கொண்டுவந்து விளக்கியதால், படமே தேவைப்படவில்லை.

பிரிட்டனின் ஆஸ்டெரிட்டி 2-8-0 எஞ்சினுக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. ரிடில்ஸ் என்ற பொறியாளர் வடிவமைத்தது, மொத்தம் 935 கட்டினார்கள். உழைப்பாளிதான், ஆனால் பேச அதிகம் இல்லை.

நம் நாட்டுப் பக்கம் வந்தால், 1944 மார்ச் 1 முதல் வங்காள-அசாம் ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதையில் கடிஹார்–லேடோ இடையே சுமார் 800 மைலை அமெரிக்க ராணுவம் ஏற்று நடத்தியது. மெக்கார்தர் என்ற 2-8-2 எஞ்சின்கள் அங்கே ஓடின. பிரம்மபுத்திராவின் மேல் அப்போது பாலம் இல்லை. அமீன்காவ் கரையில் வேகன்களைப் படகில் ஏற்றி பாண்டு கரையில் இறக்கினார்கள். சாராய்காட் பாலம் 1962இல்தான் வந்தது.

சுற்றுலாவாக ஹரியானாவின் ரேவாரி நீராவி ஷெட்டுக்குப் போய், 1943இல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் கட்டிய ஏ.டபிள்யூ.இ. வகுப்பு எஞ்சின் 22907ஐ, அதாவது 'விராட்'டைப் பார்த்தோம். எஞ்சினின் அடிச்சட்டத்தைப் பார் பிரேம் என்று காகிதத்தில் படித்ததை அங்கே குனிந்து கண்ணால் பார்த்தபோதுதான் பலருக்கும் விளங்கியது. தகடு இல்லை, கனத்த இரும்புச் சட்டம். நடுவே கை நுழைத்து எண்ணெய் விடலாம். ரயில் டிக்கெட்டை முன்கூட்டி எடுத்துத் தந்த இணைச் செயலாளருக்கு நன்றி.

நூலகத்துக்கு நன்கொடையாக வந்த பழைய ஷெட் கையேடுகளைக் கரையான் பிடிக்கும் முன் ஸ்கேன் செய்ய வேண்டும். தன்னார்வலர்கள் பெயர் தரலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். வரும் ஆண்டு இந்திய அகலப் பாதையின் டபிள்யூ.ஜி. சரக்கு எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ஊட்டி ரயில் கட்சியும் திருத்தம் கொண்டுவரலாம்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்