தலைக்கு மேல் வரும் ஆளை வாங்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ராக் கச்சேரிகளில் ரசிகர்களின் கைகள் மேல் படுத்தபடி முன்னேறும் 'கிரவுட் சர்ஃபிங்'கைத் தடை செய்யக் கோரும் வாசகர் கடிதம் கண்டேன். தடைப் பலகை மாட்டுவது சுலபம். பலகை இருந்தாலும் நாலு பேர் ஏறத்தான் செய்வார்கள். ஏறியவரை இறக்க ஆளும் இடமும் உண்டா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

70 கிலோ ஆள் மல்லாந்து உடம்பை நீட்டிக் கிடந்தால், தாங்கும் எட்டுப் பேருக்கும் தலைக்கு 9 கிலோதான் வரும். அவரே எழுந்து உட்காரப் பார்த்தால் மொத்த எடையும் இரண்டு பேர் கழுத்தில் இறங்கும். கூட்டம் இறுகியிருக்கும் இடத்தைவிட மாஷ் பிட்டின் (ரசிகர்கள் ஒருவரையொருவர் மோதி ஆடும் வட்டம்) ஓரம் மோசம்: அங்கே திடீரென இடம் காலியாகும், ஆள் தலைகுப்புறத் தரைக்கு வருவார். கீழே நிற்பவர் பாடு இன்னும் சங்கடம். கண் மேடையில் இருக்கும். பூட்ஸ் பின்மண்டையில் இடித்த பிறகுதான் ஆள் வருவதே தெரியும்.

மேடைக்கு முன் வைக்க வேண்டியது, ஊர்வலத்துக்கு வைக்கும் இரும்புத் தட்டி அல்ல (அதையே வைத்துச் சமாளிப்பவர்கள் ஏராளம்). பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'A' வடிவில் நிற்கும் தடுப்பு வேண்டும். அதன் அடித்தகட்டின் மேல் ரசிகர்களே நிற்பதால், அவர்கள் எடையே அதைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். மேடைப் பக்கம் காவலர் ஏறி நிற்க ஒரு படி இருக்கும். வருபவரின் தோளையும் தலையையும் இருவர் முதலில் வாங்க வேண்டும், கால் மூன்றாமவருக்கு. காலைப் பிடித்து இழுத்தால் பின்மண்டை தடுப்பின் விளிம்பில் மோதும். இறக்கியவரைப் பக்கவாட்டு வழியாக அனுப்ப, தடுப்புக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடைவெளி காலியாக இருக்க வேண்டும். முதல் மூன்று பாட்டுக்குப் புகைப்படக்காரர்கள் நிற்பதும் அங்கேதான். மிதந்து வரும் பெண்ணிடம் அத்துமீறிக் கை வைப்பவனைப் படியில் நிற்பவரால் பார்க்க முடியும். வெளியேற்ற வேண்டியது அவனை.

டென்மார்க்கின் ராஸ்கில்ட் விழாவில் 2000 ஜூன் 30 அன்று நடந்த விபத்தில் 9 பேர் இறந்தது மிதந்ததால் அல்ல; ஈரத் தரையில் கூட்டம் முன்னால் நெருக்கியதால். சதுர மீட்டருக்கு ஐந்தாறு பேரைத் தாண்டினால் யாரும் தன் காலில் நிற்பதில்லை, நெரிசல் தள்ளும் பக்கம் போவார்கள். அந்த நிலையில் மேலிருந்து ஒருவர் விழுந்தால் கீழே இருவர் சரிவார்கள், அந்தப் பள்ளத்தில் பின்னால் இருப்பவர்களும் விழுவார்கள். முன்பகுதியைத் தடுப்புகளால் பிரித்து, எண்ணி உள்ளே விட வேண்டியது இதனால்தான்.

காவலர் எந்தக் கைச்சைகை காட்டினால் பாட்டை நிறுத்துவது என்பதை இசைக்குழுவினரிடம் முன்பே பேசிவைக்க வேண்டும். ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பவருக்கும் அந்தச் சைகை தெரிந்திருக்க வேண்டும்.